அரை வாட் போதும் என்றாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயாவது சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது "அக்கா தூங்குறா" என்றேனே, அது பொய். உன் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முழுதாகப் படி, அப்புறம் திட்டு.

போன மாதம் அவள் உன்னைக் கூப்பிட்டபோது, "லைன் சரியில்லக்கா, ஒண்ணுமே கேக்கல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. தொண்டையில் வளர்கிற கட்டி அவள் குரலை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்று முழுக்க அழுதாள். அதனால்தான் கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரி சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய எந்த சிப் வாங்கலாம் என்று உனக்கு எழுதினேன். "386 போதும் அத்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி, அரை வாட் வரும். ரொம்ப மெனக்கெடாதீங்க" என்று பதில் போட்டாய்.

அரை வாட்! இருபத்தாறு வருஷமாக மைக்செட் கட்டுகிறவன் நான். என் பெண்டாட்டிக்கு அரை வாட்டா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்காரர் வேறு "மூணு வாட் சிப்பே இருக்குதே" என்றார், வாங்கி வந்துவிட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அது விசில் அடித்தது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நெஞ்சில் தொங்கினால் விசில் அடிக்காமல் என்ன செய்யும்? இது தெரியாதவனா நான்? பிறகு 2822 என்கிற சிப்பைப் போட்டேன். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடியது, அதுவும் எனக்குத் திருப்தியில்லை. கடைசியில் 386க்கே வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? சிப்பின் ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவில் கெப்பாசிட்டர் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். கூடவே இரைச்சலும் மழை மாதிரி கொட்டியது.

இனிமேல்தான் உன்னிடம் மறைத்தது. குரல் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான், வேண்டியதை மட்டும் பேசச் சொல்லுங்கள் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு சிப் மாற்றும்போதும், ஒவ்வொரு ஒயர் பற்றவைக்கும்போதும் அவளைக் கூப்பிட்டு "ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லு" என்றேன். பதின்மூன்று நாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று. ஒரு நாளும் அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் "இதுவே போதும், தம்பிக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றாள். "இந்த இரைச்சலோடயா? என்னைப் பத்தி அவன் என்ன நினைப்பான்?" என்றேன். சத்தம் சுத்தமாக வராமல் யாரையும் மைக் முன்னால் நிறுத்திப் பழக்கமில்லையே, அந்தப் பாழாய்ப்போன புத்தி. இத்தனைக்கும் குடோனில் இருக்கிற செட் ஒன்றை ஒரு மணி நேரம் தூக்கி வந்திருந்தால் அன்றைக்கே உன்னிடம் பேசியிருப்பாள். அது எனக்குத் தோன்றவே இல்லை, மாப்பிள்ளை.

வியாழக்கிழமை காலையில் மைக்கை நெஞ்சிலிருந்து எடுத்து உதட்டோரம் வைத்துப் பார்த்தேன். கெப்பாசிட்டரே தேவைப்படவில்லை. நீ முதல் நாள் சொன்ன வெறும் 386, அதே அரை வாட். ஒண்ணு, ரெண்டு, மூணு என்றாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல். நான் துள்ளிக் குதித்தேன். உடனே உனக்குப் போன் போட்டேன், நீ வேலையில் இருந்தாய், எடுக்கவில்லை. சாயங்காலம் பேசலாம் என்று தலை சீவி உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை ஆம்ப்ளிஃபயர் பெட்டி துளி இரைச்சல் இல்லாமல் பெரிதாக்கிக் கொடுத்தது.

உன் அக்கா கடைசியாகப் பேசிய வார்த்தை "மூணு".

இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சுக்காக அடுத்த மாதம் தொண்டையில் துளை போடப் போகிறார்கள். தம்பியிடம் என்ன சொல்ல நினைத்தாய், எழுதிக் காட்டு என்று நோட்டைக் கொடுத்தேன். "எழுதுற விஷயம் இல்ல" என்று எழுதி மூடிவிட்டாள். அதற்கப்புறம் அந்த நோட்டில் சோப்பு, மாத்திரை, பால் இவ்வளவுதான். பெட்டியைத் தூக்கி எறியப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அதில் போனை இணைத்து வைத்திருக்கிறேன். அவள் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கூப்பிடு, மாப்பிள்ளை. உன் சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாவற்றையும் சொல். கேட்கிறது என்றால் மைக்கில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். எல்லாம் சொல்லி முடித்ததும் என்னைத் திட்டு. அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனி நினைத்தாலும் முடியாது. அவளுக்கும் சேர்த்து, அவள் காதுபட, நீ திட்டு.

நீ நன்றாக இரு.

உன் அத்தான்