ஆஸ்வினின் இஞ்சினை அப்பா ஓட்டிப் பார்த்தது

சாந்தோம்,
மயிலாப்பூர், சென்னை.
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு பத்துமணி உங்களுக்கென்றே தினமும் சொல்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதுவும் தம்பி ஆஸ்வின் பேச்சை எடுத்தால் சிக்னல் போய்விடுகிறது. ஜெர்மனியில் அவ்வளவு மோசமான சிக்னலா என்று அப்பா ஒருநாள் கேட்டார். கடிதத்துக்கு நடுவில் நீ வைத்துவிட முடியாது இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மெட்ரோ வேலை என்று லஸ் பக்கம் எல்லாவற்றையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கச்சேரி ரோட்டுக்குப் போய் வருவதற்குள் மூட்டு கழன்றுவிடுகிறது. நொச்சிக்குப்பத்தில் மீன் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் இரண்டு பேருக்கு எவ்வளவு வாங்குவது என்று எனக்கு இன்னும் கை பழகவில்லை, மீன்காரம்மாவிடம் அரைக் கிலோ என்று சொல்ல வாய் வருவதில்லை. சரி, அதை விடு. மாப்பிள்ளை கிளிஃபர்ட் எனக்கு ஃபோன் செய்தார், அவரைத் திட்டாதே, மனுஷர் பயந்துபோய்த்தான் செய்தார். நீ கார் ஓட்டுவதையே விட்டுவிட்டாயாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறாயாம், தூங்காமல் கம்ப்யூட்டரில் டர்போ, அதுதான் இஞ்சினுக்கு வேகம் கூட்ட நீ தம்பிக்கு அனுப்பிய சாமான், அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்றே படித்துக்கொண்டிருக்கிறாயாம். கல்லறையில் தம்பியை இறக்கியபோது நீ என் தோளில் சாய்ந்து, நான் அனுப்பினதும்மா, நான் அனுப்பினதுதான் அவனக் கொன்னுடுச்சு என்று சொன்னதை நான் துக்கத்தில் வந்த பேச்சு என்று நினைத்தேன். நீ அதையே ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. நீ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அன்றே மனதில் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது, என்னிடம்கூடச் சொல்லவில்லை.

போலீஸ் கேஸ் முடிந்து வண்டியை விட்டபோது, புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா, அதுதான் தம்பியின் சிநேகிதன், வண்டியின் கூட்டை எடைக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அப்பா கூடவே போய், இஞ்சினை மட்டும் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கார் ஷெட்டில் சங்கிலியில் தொங்கவிட்டு அதை இறக்கியபோது நான் சண்டை போட்டேன். பிள்ளையை விழுங்கியதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறீர்களே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினேன். அவர் அமைதியாக, ஜொவி ஒண்ணு சொன்னாள், அது நிஜமா இல்லையான்னு பாக்கணும் என்றார். உனக்குத்தான் அப்பாவைத் தெரியுமே, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷர், விடை வராத கணக்கோடு அவரால் தூங்க முடியாது. நீ படித்ததையேதான் அவரும் படித்திருக்கிறார். டர்போவுக்குள் எண்ணெய் கசிந்தால் அந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு டீசல் இஞ்சின் தானாகவே வெறிபிடித்து ஓடுமாம், காலை எடுத்தாலும் சாவியைத் திருப்பினாலும் நிற்காதாம். கொட்டிவாக்கத்தில் நின்றுகொண்டிருந்த லாரியில் நம் பிள்ளை போய் மோதியபோது வண்டி அப்படி ஓடியதா, இல்லை அவன் ஓட்டினானா, இதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் ஒரு கத்தி இருந்தது ஜொவி, அதை நான் கொஞ்ச நாள் கழித்துத்தான் பார்த்தேன். நீ அவன் பிறந்தநாளுக்கு அனுப்பிய டர்போ கெட்டிருந்தால் தம்பி மேல் தப்பில்லை, ஊரார் சொன்னதெல்லாம் பொய், ஆனால் உன் பாரம் உன் தலையிலேயே நிற்கும். டர்போ நன்றாக இருந்தால் நீ விடுபடுவாய், ஆனால் வேகமாகப் போய்ச் செத்தான் என்று சொன்னவர்கள் சொன்னது சரியாகிவிடும். பீடத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். எந்தத் தாயும் இப்படி நிற்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதேன். அவர் சொன்னார், போனவனுக்கு வக்கீலா ஆண்டவர் இருக்கார் வெரோனி, இருக்கறவளுக்கு நாமதானே என்று. அன்றோடு நான் சண்டையை விட்டேன்.

அப்பா இஞ்சினைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கூடத்தில் செய்தித்தாள் விரித்து, தரையில் சாக்பீஸால் எண் போட்டு வரிசையாக வைத்தார். எந்தத் துண்டு எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டுமாம், ஒன்றுக்கொன்று மாறக் கூடாதாம். எண்ணெய் கசிந்திருந்தால் டர்போவிலிருந்து காற்று போகிற குழாயிலும் பிஸ்டன் தலையிலும் அதன் அடையாளம் இருக்கும், அதை வெயில் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தொடாமல் வைத்திருந்தார். அதற்குள் தம்பியின் முதலாம் ஆண்டுப் பூசை வந்துவிட்டது. பூசை முடிந்து நம் வீட்டில் ஜெபமாலை, அதற்காக முதல் நாளே கோயில் அன்பியக் குழுப் பெண்கள் உதவிக்கு வந்தார்கள். நானும் அப்பாவும் சாமியாரைப் பார்க்கக் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் கூடம் பளபளவென்று இருக்கிறது, செய்தித்தாளும் இல்லை, சாக்பீஸ் எண்ணும் இல்லை. நம் பிலோமினா அக்கா கோயில் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரியே பிஸ்டனையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, குழாய்க்குள் துணியைவிட்டுத் துடைத்து, எல்லாவற்றையும் கழுவி நம் பிரியாணி அண்டாவில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். எவ்ளோ அழுக்கு கீது பாரு வெரோனிகா, பாவம் அண்ணனுக்கு இன்னா தெரியும், இப்ப பாரு வெள்ளி மாதிரி கீது என்று பெருமையாகச் சொல்கிறாள். பிள்ளை செத்த வீட்டில் புண்ணியம் தேடி வந்து செய்தவளை என்ன சொல்வது. அப்பா அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டு, ரொம்ப நன்றிம்மா என்று சொன்னார்.

அடையாளம் எல்லாம் புளித்தண்ணீரோடு போய்விட்டது. ஷஃபியுல்லா வந்து பார்த்தான், டர்போவை விரலால் சுற்றினான், ஆடவில்லை, நல்லாத்தான் கீது நைனா என்றான், ஆனா சூடாயி ஓடும்போது கசியுதா இல்லையான்னு கையில சுத்தி சொல்ல முடியாது என்றும் சொன்னான். அப்படியென்றால் ஓட்டிப் பார்ப்போம் என்றார் அப்பா. இஞ்சினைத் திரும்பக் கோத்து ஓட வைக்க வேண்டும், அந்த வயதில், அந்த முட்டியோடு. தம்பி வேலை செய்தபோது அப்பா டார்ச் பிடிப்பார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், கை ஆடாம பிடிங்கப்பா என்று அவன் சிடுசிடுப்பான். இப்போது நான் பிடித்தேன், அப்பா என்னைச் சிடுசிடுத்தார். இஞ்சினின் சுழல் தண்டைப் பிடித்திருக்கும் மூடிகள் அண்டாவில் கலந்துபோயிருந்தன, அவற்றில் எது எந்த இடத்துக்கு என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் போட்டு முறுக்கி, கையால் தண்டைச் சுற்றிப் பார்ப்பார், சுற்றாமல் இறுகினால் கழற்றி வேறொன்று போடுவார். வாரக்கணக்கில் இதே வேலை. புளி அரித்த பிஸ்டன்களுக்குப் பதிலாகவும், உடைந்த எண்ணெய்த் தொட்டிக்குப் பதிலாகவும் ஷஃபியுல்லா வேறு கொண்டுவந்தான். டர்போவை மட்டும் யாரும் பிரிக்கவில்லை, தம்பி பொருத்திய மாதிரியே இருக்கட்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். டர்போவை மாட்டிய ஒவ்வொரு நட்டிலும் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. இதென்ன என்று கேட்டேன். முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவைப்பார்களாம், பின்னால் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அது பெயிண்ட் இல்லை ஜொவி, நீ கல்யாணமாகிப் போனபோது அலமாரியில் விட்டுப்போன நகப்பூச்சு. தேடிக்கொண்டே இருந்தேன், திருடன் அவன்தான். ஒரு கோடுகூட விலகவில்லை.

போன சனிக்கிழமை காலையில் ஓட்டினார்கள். இரும்புச் சட்டத்தில் இஞ்சினை இறுக்கி, பேட்டரி கொடுத்து, பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்து. டர்போ எண்ணெயைத் துப்பினால் தெரிய வேண்டும் என்று காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, டர்போவின் வாயில் அப்பா தன் புது வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, சமையலறைக்குப் போய்விட்டேன். மீன்குழம்புக்கு மசாலா கரைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. அதே சத்தம் ஜொவி, தம்பி வண்டி நம் சந்து முனையில் திரும்பும்போது வருமே, அதேதான். என் கால் என்னைக் கேட்கவில்லை, நான் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். தெருவில் ஒன்றும் இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. ஷஃபியுல்லா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

மத்தியானம் வரை ஓட்டினார்கள். மெதுவாகவும் ஓட்டினார்கள், காது அடைக்கிற வேகத்திலும் ஓட்டினார்கள், புகையில் நீலம் இல்லை, ஆக்சிலேட்டரை விட்டால் உடனே அடங்கியது, நிறுத்தினால் உடனே நின்றது. அப்பா நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பையன் வேலையில குத்தமே இல்ல வெரோனி, சுத்தமா செஞ்சிருக்கான் என்றார், சொல்லிவிட்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்கு ஒரு தகப்பன் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை.

ஆகையால் இனி நான் சொல்வதைக் கேள். நீ அனுப்பியதில் பழுது இல்லை, அவன் பொருத்தியதிலும் பழுது இல்லை. உன் தம்பி வேகமாகப் போனான், அவன் காலால் அவனே அழுத்திப் போனான், அந்த இருட்டில் விளக்கில்லாமல் ஒருவன் லாரியை நிறுத்தியிருந்தான். இதை எழுத என் கை கூசுகிறது, ஆனால் உனக்காக எழுதுகிறேன். நன்றாக ஓடியதால்தானே வேகம் வந்தது, நான் அனுப்பாமல் இருந்திருந்தால் என்று நீ அடுத்துக் கேட்பாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. ஆறாவது படிக்கும்போது மந்தைவெளி முக்கில் சைக்கிளில் பறந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தானே, அதற்கும் நீயா டர்போ அனுப்பினாய்? ஆசைப்பட்டுக் கேட்டான், அக்கா வாங்கிக் கொடுத்தாய், பெட்டி வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஆடினான், அவ்வளவுதான் நீ செய்தது. எனக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள். ஒன்றைக் கல்லறையில் வைத்திருக்கிறேன், இன்னொன்றும் அவன் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டால் நான் யாருக்குச் சமைப்பது? மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரும்போது கண்ணைத் திறந்துகொண்டு உட்கார், அப்புறம் மெதுவாக நீயே ஓட்டு. ஈஸ்டருக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் ஃபோனையாவது எடு, தம்பியைப் பற்றிப் பேசலாம், அவனைத் திட்டியாவது பேசலாம்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர், அப்பா தனியாக எழுத மாட்டார், எழுதியதில் பாதி அவர் சொன்னது என்று வைத்துக்கொள். கவருக்குள் அந்தக் கைக்குட்டையை மடித்து வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் விரித்து நீயே பார்த்துக்கொள், கொஞ்சம் தூசி இருக்கும், எண்ணெய் ஒரு பொட்டுகூட இருக்காது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை தெரியும், அதைப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போகாதே, அது குழம்பு மசாலா, அவிழ்த்தபோது அம்மாவின் விரல் பட்டது.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
வெரோனிகா பவுல்சாமி