கப்பல் அறையில் இரண்டு கலர் பாட்டில்கள்

அண்ணி,

நேற்று மதியம் செந்தில் கப்பலிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அவர்கள் தங்கியிருக்கும் அறையின் கை கழுவும் தொட்டி. அதில் பாதிக்கு ஐஸ் கட்டிகள், நடுவே குழந்தையின் ஜூஸ் பாட்டில்கள் இரண்டு கழுத்து வரை புதைந்திருந்தன. அறையில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜ் பேருக்குத்தான் இருக்கிறதாம். காலையில் வைத்தது சாயங்காலமும் வெதுவெதுவென்றே இருக்கிறதாம். கீழே எழுதியிருந்தான்: "அத்தை, நீங்களும் அம்மாவும் அந்தமான் போனப்ப கலர எப்படி ஜில்லுனு வெச்சிக்கினீங்க?"

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிற உல்லாசக் கப்பல் அது. உங்கள் மகன் ஒரகடம் கம்பெனியில் ஓ.டி. பார்த்துப் பார்த்துச் சேர்த்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, கல்யாண நாளுக்கு மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போயிருக்கிறான். ஈரத் துண்டைச் சுற்றிக் காற்று வரும் இடத்தில் தொங்கவிடு என்று பதில் போட்டேன். உடனே ஒரு சிரிப்பு முகம் வந்தது. நான் போனைக் கீழே வைக்காமல் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவனுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. நீங்கள் அவனுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தீர்கள். உங்க அத்தை கலர் மூடியைத் திறந்ததில் கேபினே குளித்தது என்று சொல்லுவீர்கள், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். மீதியை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்று, ஆடி பிறக்கவிருந்த சமயம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கல்யாணம் முடிந்த கையோடு அண்ணன் போர்ட் பிளேருக்குத் திரும்பிவிட்டார். அங்கே துறைமுகப் பட்டறையில் வெல்டர் வேலை. சுங்குவார்சத்திரம் வீட்டில் அம்மா, நான், நீங்கள் மூன்று பேர்தான். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, அனுப்பி வையுங்கள் என்று அண்ணன் தகவல் சொன்னதும், புதுப் பெண்ணைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்று அம்மா என்னையும் துணைக்குச் சேர்த்துவிட்டாள். எனக்குப் பத்தொன்பது வயது. கப்பலை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

கிளம்புகிற அன்று நீங்கள் செய்த ஒரு காரியம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக் கடையில் இனிப்புச் சோடா, கலர் இரண்டு பாட்டில் வாங்கினீர்கள். உங்கள் அப்பா வாங்கிக் கொடுத்திருந்த அகல வாய் ஃபிளாஸ்கில் ஐஸை உடைத்துப் போட்டு, பாட்டில்களை அதில் இறக்கி மூடினீர்கள். கடல் காற்றுக்குத் தொண்டை வறண்டுவிடும், எனக்குக் கலர் ஜில்லென்று இருக்க வேண்டும் என்றீர்கள். வாலாஜாபாத்தில் செல்லமாக வளர்ந்தவள், இதுவும் செய்வாள் இன்னமும் செய்வாள் என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தக் கோடையில் நம் பக்கத்துத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு ரோடெல்லாம் போலீஸ். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் உங்கள் ஃபிளாஸ்கைத் திறந்து, பாட்டில்களைப் பார்த்துவிட்டு மூடினார். பிறகு உங்கள் கைப்பையைக் கேட்டார். உள்ளே சீப்பு, பவுடர் டப்பா, கைக்குட்டை. பவுடர் டப்பாவை எடுத்து லேசாகக் குலுக்கினார். அப்போது என் முழங்கையைப் பிடித்திருந்த உங்கள் விரல் நகங்கள் என் தோலில் இறங்கின. அவர் டப்பாவைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். போலீஸ் என்றால் அண்ணிக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் நமக்குக் கிடைத்தது கீழ்த்தட்டில் ஒரு சின்ன அறை. இரண்டு இரும்புக் கட்டில், ஒன்றின்மேல் ஒன்று. வட்டக் கண்ணாடி ஜன்னலைத் திறக்க முடியாது. மேலே சுவரில் ஒரு குழாய் வாய் வழியாகக் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்து குமட்டியது. நீங்கள் உட்காரக்கூட இல்லை. ஃபிளாஸ்கில் ஐஸ் கரைந்திருக்கும், சமையல்கட்டில் கேட்டு வாங்கி வா என்று என்னை அனுப்பினீர்கள். சமையல்காரர் தூத்துக்குடிக்காரர். நல்ல மனிதர், ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தார். சாயங்காலம் மறுபடி அனுப்பினீர்கள். காலையில் மறுபடி.

அன்று காலை நான் ஐஸோடு வந்தபோது நீங்கள் குளிக்கப் போயிருந்தீர்கள். ஃபிளாஸ்கில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஐஸ் போடலாம் என்று நானே பாட்டில்களை வெளியே எடுத்தேன். இரண்டு பாட்டில்களுக்கும் நடுவே, துணியில் சுற்றி நூலால் கட்டி, கட்டைவிரல் அளவு ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. ரப்பர் மூடி. மருந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டீர்கள்.

"இன்னா அண்ணி இது?"

நீங்கள் பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே ஊசி இருந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போடாவிட்டால் உயிர் நிற்காது. சொன்னால் கல்யாணம் நடக்காது என்று உங்கள் அப்பா மறைத்துவிட்டார். எங்கள் வீட்டில் குளியலறை மூலையில் ஈர மணல் போட்டு ஒரு சின்னப் பானை வைத்திருந்தீர்களே, முகத்துக்கு அரைத்த மஞ்சள் என்று சொல்லி, அதில்தான் மருந்தை வைத்திருந்தீர்களாம். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால்தான் கலர் பாட்டில்களுக்கு நடுவே. கலர் ஜில்லென்று இருந்தால் மருந்தும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கலரு சும்மா மறைக்கறதுக்கு இல்ல வசந்தி. எனக்கு கை நடுங்கினா, வேர்த்து ஊத்தினா, பேச்சு கொழறினா, சர்க்கரை ரொம்ப எறங்கிப்போச்சுன்னு அர்த்தம், உடனே அத குடிக்க வெச்சிடு. அப்ப ஊசி மட்டும் போட்றாத."

அதைக் கேட்டதிலிருந்து நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தலை சாய்த்தால் பயம், கண்ணை மூடினால் பயம், அறையின் புழுக்கத்தில் நெற்றியில் ஒரு துளி வேர்த்தாலும் பயம். கப்பலில் டாக்டர் இருக்கிறார், போய்ச் சொல்லலாம் என்றேன். கூடாது என்றீர்கள். அதே கப்பல் ஆட்கள்தான் அண்ணன் வேலை செய்யும் துறைமுகத்துக்கும் வந்து போகிறவர்கள், பேச்சு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்றீர்கள்.

அன்று மதியத்திலிருந்து கடல் கொந்தளிக்க ஆரம்பித்தது. கப்பல் வேகத்தைக் குறைத்துவிட்டது, போய்ச் சேர ஒரு நாள் தாமதமாகும் என்றார்கள். நான் கிண்ணத்தோடு சமையல் கட்டுக்குப் போனேன். தூத்துக்குடிக்காரர் தலையை ஆட்டினார். "இல்லம்மா, மீனுக்கே காணாது" என்றார். கலர் குடிப்பதற்கு ஐஸ் கேட்டு நச்சரிக்கிற பெண் என்றுதான் அவர் என்னை நினைத்திருப்பார். உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. உங்கள் முகம் நினைவுக்கு வர, வெறும் கிண்ணத்தோடு கம்பியைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தேன்.

நம் வீட்டில் வெயில் காலத்தில் தண்ணீர்க் குடத்துக்கு ஈரச் சாக்கு சுற்றி வைப்போமே, அது ஞாபகம் வந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து, பாட்டில்களையும் மருந்தையும் சேர்த்துச் சுற்றி, காற்று வரும் குழாய் வாய்க்குக் கீழே உங்கள் புடவைக் கிழிசலால் கட்டித் தொங்கவிட்டேன். கப்பல் ஆடும்போதெல்லாம் மூட்டை சுவரில் இடித்தது. உடைந்துவிடுமோ என்று தலையணையைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். துண்டு காயக் காய நனைத்தேன். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பேன், ஜில்லென்று இருக்கிறதா, இல்லை என் கை ஈரமா என்று எனக்கே தெரியாது. "எப்படி கீது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்லாத்தான் இருக்கு என்பேன்.

அடுத்த நாள் காலை நீங்கள் ஊசி போட்டுக்கொண்டு, உப்புமா சாப்பிட்டீர்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கப்பலில் எல்லோரும்தான் வாந்தி எடுக்கிறார்கள் என்று நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் என்னை "செல்வி" என்று கூப்பிட்டீர்கள். செல்வி உங்கள் தங்கை. மாட்டைக் கட்டினாயா என்று கேட்டீர்கள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.

மூட்டையை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்தேன். திறப்பான் இல்லை. அதை யாருமே யோசிக்கவில்லை. கட்டிலின் இரும்பு விளிம்பில் மூடியை வைத்து ஓங்கித் தட்டினேன். இரண்டாம் தடவை மூடி பறந்தது, பாதிக் கலர் நுரையாகச் சுவரிலும் என் மேலும் அடித்தது. மீதியை உங்கள் வாயில் வைத்தால் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினீர்கள். உங்கள் தலையை என் மார்போடு அணைத்துப் பிடித்து, முழுங்குங்க அண்ணி, முழுங்குங்க அண்ணி என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். முதல் பாட்டில் முடிந்ததும் இரண்டாவதையும் உடைக்காமல் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்குச் சாமிகூட ஞாபகம் வரவில்லை. அம்மாவிடம் போய் என்ன சொல்வேன், இந்தக் கதவுக்கு வெளியே யாருக்குமே தெரியாதே என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

மெதுவாக உங்கள் பார்வை வந்து என் முகத்தில் நின்றது. உதட்டை நக்கினீர்கள்.

"இன்னும் ஜில்லுனுதான் கீது" என்றீர்கள்.

நான் உடைந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இதை நான் ஒருத்தியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு இருக்க முடியாது, நான் ஊருக்குத் திரும்பிய பிறகு இப்படி ஆனால் யார் இருப்பார்கள், அண்ணனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். சொன்னால் இதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார் என்றீர்கள். அனுப்பினால் நானும் உங்களோடு வருகிறேன் என்றேன். நீங்கள் காலிப் பாட்டில்களை எடுத்து ஃபிளாஸ்கில் வைத்து மூடினீர்கள். கடைசியில் சொன்னீர்கள்: "நானே சொல்றேன். நீ சொன்னா அது கோள் மூட்டுன மாதிரி ஆயிடும்."

சொன்னீர்கள். கரையில் இறங்கியதும், அண்ணன் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்க வந்தபோதே, நின்ற இடத்திலேயே சொன்னீர்கள். வீடு போய்ச் சேர்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயந்தீர்களாம். அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது. எத்தனை வருஷமாக என்று கேட்டார். சொன்னீர்கள். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நாம் பின்னால் நடந்தோம். குவார்ட்டர்ஸில் நமக்குச் சாப்பாடு வாங்கி வைத்தார், தான் சாப்பிடவில்லை. பிறகு வெளியே போனார். நீங்கள் பெட்டியைத் திறக்கவே இல்லை. திரும்பிப் போக டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார் என்று நாம் இருவருமே நினைத்தோம், ஆனால் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. நான் துண்டை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அண்ணன் வந்தார். உங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கேண்டீன்ல ஃபிரிட்ஜ் கீது. ஒரு மூலைய ஒதுக்கித் தரேன்னு சொல்லிட்டாங்க. மருந்த குடு." நீங்கள் கொடுத்தீர்கள். வாசல்படியில் நின்று திரும்பாமலே சொன்னார்: "உங்கப்பாகிட்ட நான் பேசமாட்டேன். அது வேற."

அப்படியேதான் செய்தார். உங்கள் அப்பா சாகும் வரை பேசவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் நின்று தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். விஷயம் தெரிந்தபோது அம்மா கத்தவில்லை, "புள்ள பொறக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அதைவிடக் கத்தியிருக்கலாம் என்று பின்னால் என்னிடம் சொன்னீர்கள். செந்தில் பிறக்கும் வரை அந்த மாதங்களை நாம் எப்படிக் கடந்தோம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவன் நல்லபடியாகப் பிறந்தான். அவன் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மடியில் போடும் வரை இருந்தீர்கள். அதன் பிறகுதான் சிறுநீரகம் கைவிட்டது. கடைசி நாட்களிலும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரத்தம் சுற்றும் குழாய்களோடு படுத்துக்கொண்டு, எதிர்க்கட்டில் பெண் சாப்பிட்டாளா என்று என்னைப் பார்த்துவரச் சொல்வீர்கள்.

இப்போது நம் வீட்டு மாடியில் நான்கு அறை போட்டு, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து வேனில் இறங்கி வருகிற ஒவ்வொருத்தி முகத்தையும் நான் பார்ப்பேன். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு நேரமாகிவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கலக்கம் என்னை விட்டுப் போகவில்லை அண்ணி. போக வேண்டும் என்று நானும் இப்போதெல்லாம் வேண்டிக்கொள்வதில்லை.

புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே கேட்டுவிடுவேன். உடம்புக்கு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அதற்காக அறை இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். போன வாரம் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவளும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறினாள். பாதிப் படியில் நின்றாள். இறங்கி வந்து, எனக்கு எப்போதாவது வலிப்பு வரும்க்கா, வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது என்றாள். வந்தால் நான் என்ன செய்யணும், சொல்லு என்று அவளை உட்கார வைத்தேன்.

அவள் சொல்லச் சொல்ல, நான் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டேன்.