ஒன்பது நாள் நான் மறைத்து வைத்த கடிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்கு முன்னால் உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம், இப்போது உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறார். நான் வழக்கம்போல கடையின் முன்பக்கம், வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தையல்கடைக்காரிக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம், போட்டதும் முதல் வேலையாக என் ரவிக்கையில் தானே தைத்த கோணல் தையலைக் கண்டுபிடித்து வெட்கப்பட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேலும் சுற்றி வளைத்தால் எழுதாமலே மடித்து வைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், அந்தப் படத்துக்கு இரண்டு பாட்டும் உனக்கே வந்திருக்க வேண்டியது, உன் பதில் போய்ச்சேர நாளாகிவிட்டதால் இரண்டாவதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. "தபால்காரர் லேட் பண்ணிட்டாரு போல, விடும்மா, ஒண்ணாவது கெடச்சுதே" என்று நீயே எனக்குச் சமாதானமும் சொன்னாய். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டேன். தபால்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணு. இசைக்கூடத்துக் கடிதத்தை அவர் சரியான நாளில்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது நாள் அது என் மேசை இழுப்பறையில் இருந்தது, பழைய கண்ணாடிச் சட்டங்களுக்கு அடியில், பூட்டுப் போட்டு. வைத்தது நான்தான்.

நீ அறை மாறிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாய். வீட்டுத் தபாலையும் தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிடுவார் இல்லையா, உறையில் இசைக்கூடத்தின் பெயரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை, பிரித்துவிட்டேன். உன் பல்லவி அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம், சரணத்தை மட்டும் மாற்றி பத்து நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம், அது சரியாக வந்தால் இன்னொரு பாட்டும் உனக்கே தருவதாக எழுதியிருந்தது. உன் பல்லவியையும் கீழே அச்சடித்திருந்தார்கள். "சாவியைத் தேடும் சத்தம் கேட்குதா, நான்தான், வந்துட்டேன்." அதைப் படித்ததும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா, சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. அந்தச் சத்தம் என்னுடையது. இருபது வருடமாக கடையிலிருந்து வந்து கதவு முன்னால் நின்று பைக்குள் கையைவிட்டுத் துழாவினவள் நான். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நீ. ஒரு பாட்டு என் கைப்பையிலேயே கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். திருடி என்று வாய்விட்டே சொன்னேன். கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் தன்னைத்தான் சொல்கிறேன் என்று பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாளில் கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்தேன். பிறகு நாமே அந்தச் சரணத்தை எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதினேன். மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, பார்வை அளவு எழுதுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு வாரம். ஒன்பதாம் நாள் காலையில் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பல்வலி என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, இசைக்கூடத்துக்குப் போய், நான் அவளுடைய அம்மா, அவள்தான் கொடுத்தனுப்பினாள் என்று நீட்டினேன். இசையமைப்பாளர் சின்ன வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆர்மோனியத்தை இழுத்துவைத்துப் பாடிப் பார்த்தார். "பிரிவெனும் பெருங்கடல் நடுவினில் துரும்பென" என்பது என் முதல் வரி. மூன்று தடவை பாடினார், மூன்று தடவையும் அதே இடத்தில் மூச்சு முட்டியது. "அம்மா, இங்க பாடறவங்க மூச்சு எடுக்கணும், பெருங்கடல்ங்கறத வெறும் கடல்னு வெச்சுக்கலாமா?" என்றார். முடியவே முடியாது, பெருங்கடலைக் கடலாக்கினால் பாட்டே செத்துப்போகும் என்றேன். சொன்ன குரல் எனக்கே கேட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு கூடத்தில், வேறொருவரிடம் இதே குரலில் இதையேதான் சொல்லி, தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்க பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் இதே நாற்காலியில வந்து உக்காருவாங்கம்மா. அந்தப் பல்லவிய மட்டும் பதினோரு தடவ மாத்தி எழுதினாங்க. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க, எழுதிக்குவாங்க, மறுநா காலையில வேற ஒண்ணோட வந்து நிப்பாங்க" என்றார். அப்புறம் என் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் யாரோ ஒருவருடைய பார்வை அளவு எழுதியிருந்தது. "இது அவங்க எழுதினது இல்லைல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன். ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு, "ஒரு பதிலும் வரலன்னு இன்னொரு பாட்ட காலையிலதான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன், அத ஒண்ணும் பண்ண முடியாது, இதுக்கு மட்டும் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு, இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார். கூடத்து வாசலில் நின்றுதான் உனக்குப் போன் செய்தேன். இப்போதுதான் கடிதம் வந்தது என்று சொன்னேன். நீ "நல்ல வேளைம்மா, நல்ல வேளை" என்று நாலு தடவை சொன்னாய். ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் சின்ன வயதிலிருந்தே, நீ பிறந்ததால்தான் பாட்டெழுதுவதை விட்டேன் என்று சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். பொய். அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து நாலு வருடம் கழித்துத்தான் நீ பிறந்தாய். அந்த நாலு வருடமும் நான் ஒரு கூடத்துப் படியும் ஏறவில்லை, ஒரு வரியும் மாற்றவில்லை, எல்லோரும் என்னைத் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

சரணத்தை மறுநாளே அனுப்பிவிட்டு நீ என்னையே ஒலிப்பதிவுக்குப் போய் இருந்துவிட்டு வரச்சொன்னாய், புதன்கிழமை போனேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். பாடின பெண் சாவியை என்ற சொல்லுக்குப் பிறகு சின்னதாக மூச்சு எடுத்தாள், அந்த இடைவெளியை நீ வேண்டுமென்றே வைத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அழுதுவிட்டேன். ஒலிப்பதிவு செய்கிறவர் பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை என்று சொல்லி நாற்காலியை நகர்த்திப் போட்டார். பெருமையும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுகை அதற்காக வரவில்லை. இசையமைப்பாளருக்குத் தெரியும், அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து என் வரியில் பெருங்கடலைக் கடல் என்று மாற்றிப் பாடிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

அப்பாவிடம் இன்று காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு "அவளுக்கு நீயே எழுது, நான் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். இப்போது பின்பக்கம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், இதை முடித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். இரண்டாவது பாட்டை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன், நீ உடனே சரி என்று சொல்லிவிடாதே. கொஞ்ச நாள் கோபமாக இரு. போன் செய்யாமல் இருந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன், அப்பாவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

வேலை விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பாட்டோடு உன் பெயர் வருகிறதா என்று கேட்டு வாங்கு, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்த இரண்டாவது பாட்டை எழுதுகிறவரை எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, அவர் உன்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், உட்கார்ந்தே எழுதாமல் அவ்வப்போது எழுந்து நட. உன் பேனா ஓயாமல் ஓடட்டும், நீ எழுதுவதை ஊரெல்லாம் பாடட்டும், நான் எரிந்துகொண்டே கேட்கிறேன், அது என் பாடு.

மறக்காமல் ஒன்று செய். இனிமேல் எந்தக் கம்பெனிக்கும் இந்த வீட்டு விலாசத்தைக் கொடுக்காதே. நாளைக்கே அவர்களுக்குப் புது விலாசம் எழுதிப் போடு. இன்னொரு கடிதம் வந்தால் உடனே உனக்கு அனுப்பிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ அதை நம்பி இருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா