அடுப்புப் பக்கத்து இடம்

ஜெச்சொன்
தென் கொரியா
3 நவம்பர் 1978

அன்புள்ள என்னவருக்கு,

நலம்தானே? இங்கே வாளித் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிட்டது. சவூதிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நீங்கள் போட்டுக் கொடுத்த தரைதான் எங்களைக் காப்பாற்றுகிறது. சோறு பொங்கும் அதே தீயின் சூடு அறைக் கல்லுக்கடியில் ஓடிப் புகைபோக்கியில் போகிறது. ஒரே கரிக்கட்டியில் சமையலும் ஆச்சு, விடியும்வரை கதகதப்பும் ஆச்சு.

மாமா உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து இங்கே வந்துவிட்டார். சூடான இடம் பெரியவர்களுக்குத்தானே? அடுப்புப் பக்கத்தில் அவருக்குப் படுக்கை விரித்துவிட்டு நான் எதிர் அறையில் படுக்கிறேன். நேற்று தரையைத் தடவிப் பார்த்து, "உதவாக்கரைன்னு நெனச்சேன். பய கை தொழில் தெரிஞ்ச கைதாம்மா!" என்றார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொன்னார். வெளியூர் போனவர் பட்டினி கிடக்கக் கூடாதென்று, நம் வழக்கப்படி உங்களுக்கும் தினமும் கிண்ணத்தில் சோறு எடுத்து மூடி, ஆறாமலிருக்க அவர் போர்வைக்கடியில் வைக்கிறேன்.

உங்கள் ஓக்புன்

ஜுபைல்
19 நவம்பர்

அன்புள்ள ஓக்புன்,

அப்பாவா அப்படிச் சொன்னார்? கொட்டகையில் கூட வேலை செய்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒன்று மட்டும் செய். அப்பாவை ஜன்னலோரம் படுக்கச் சொல். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. புதுத் தரை, அவ்வளவுதான்.

துசிக்

ஜெச்சொன்
4 டிசம்பர்

அன்புள்ளவருக்கு,

நீங்கள் எழுதியதை மாமாவிடம் சொன்னேன். "வெளிநாடு போனதும் அப்பனைக் குளிர்ல தள்றானா? சூடெல்லாம் வீணாப் போகுது, சாத்தும்மா!" என்று ஒரே சத்தம். நானும் மருமகள்தானே, வயசானவரை எப்படிக் குளிரில் போடுவேன்? ஊர் சும்மா இருக்குமா?

இரண்டு நாளாகக் காலையில் அவருக்குத் தலைவலி, குமட்டல். எல்லோரும் செய்வதுபோல முள்ளங்கியை உப்பில் ஊறவைத்த கிம்ச்சித் தண்ணீர் கொடுத்தேன், தெளிந்துவிட்டார். என்னங்க, ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஓக்புன்

ஜுபைல்
20 டிசம்பர்

ஓக்புன்,

படித்த நிமிஷமே அப்பாவை அந்த அறையிலிருந்து கூட்டி வந்துவிடு. அடுப்புப் பக்கத்து முதல் கல்லில் விரிசல். போடும்போதே தெரியும். விமானத்துக்கு இரண்டே நாள் இருந்தது. களிமண் பூசி, ஈரம் காயுமுன் தரைக்கு மேலே எண்ணெய்த்தாளை ஒட்டிவிட்டேன். மண் வெடித்தால் கரியின் விஷம் மேலே ஏறும். அதற்கு வாசனைகூடக் கிடையாது.

போன தடவையே எழுதியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு தரம்தான் பாராட்டினார், அது போய்விடுமே என்று பயந்தேன். படுபாவி நான். தரையை உடை. காரணத்தை யாரிடமும் சொல்லாதே.

துசிக்

ஜெச்சொன்
6 ஜனவரி 1979

துசிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மாமாவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகிறது.

காலையில் எழுப்பப் போனேன். முகம் சிவந்து, தூங்குவது போலவே இருந்தார். முள்ளங்கித் தண்ணீரை வாயில் ஊற்றினேன், வெளியே வழிந்துவிட்டது. போர்வைக்கடியில் உங்கள் சோறு மட்டும் சூடாக இருந்தது.

இவ்வளவு எழுதியவருக்கு ஒரு தந்தி கொடுக்கத் தோன்றவில்லையே. நாலு பேர் படித்துவிடுவார்கள் என்றுதானே?

தரையை நானே கடப்பாரையால் உடைத்தேன். களிமண்ணில் உங்கள் விரல் தடம் அப்படியே இருக்கிறது. உங்கள் அண்ணனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை. பையன் போட்ட தரை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் மாமா; அது அவரோடு போகட்டும்.

நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன். உங்கள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஓக்புன்