டாக்டரைக் கெட்டவனாக்கியவளுக்கு

என் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், தெரியும். ஆனால் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன். நீ நலமா என்று எத்தனையோ தடவை வாய்ப்பழக்கத்தில் கேட்டிருக்கிறேன். இப்போது பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறவள் உன் ஊரிலேயே வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். பயப்படாதே. காலையில் கதவைத் தட்டினாள், நீ உள்ளேயிருந்து போங்க என்று சொன்னாய், அவள்தான். அவள் போகவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தாளாக எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், அவள் கீழே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து உள்ளே தள்ளுவாள். அவள் யார், எப்படி அங்கே வந்தாள் என்று சொல்கிறேன். நடுவிலிருந்து ஆரம்பிப்பது உன் தொழில், எனக்கு முதலிலிருந்துதான் சொல்ல வரும்.

நீ டிவிக்கு எழுதும் தொடரின் கடைசிப் பகுதி வந்த மறுநாள் நான் வழக்கம்போல் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனேன். பிரேம் பார்க்க வந்த ஒரு பெண், வயது என்னைவிடக் கொஞ்சம் கம்மி இருக்கும், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டே கூட வந்தவளிடம் பொரிந்துகொண்டிருந்தாள். அந்த மலை பங்களா, குதிரை வண்டி, மாடியில் பூட்டிய அறை எல்லாம் ராத்திரி கனவிலேயே வருமாம், டாக்டருக்கும் அந்தத் துப்பறிகிற தையல்காரிக்கும் கல்யாணம் ஆகும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தாளாம். அவ்வளவு நல்ல மனுஷனப் போயி கொலகாரனாக்கிட்டாளே, எழுதுனவ கை விளங்குமா, என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்க பாக்கறதுண்டா என்று கேட்டாள். பாக்கறதுண்டுங்க என்றேன். அவளுடைய பழைய கண்ணாடியின் கால் ஆடுகிறது என்று கொடுத்தாள், திருகை முடுக்கிக் கொடுத்தேன். சரியாகத்தான் முடுக்கினேன். உள் அறையில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிற டாக்டரம்மா, அவளும் உன் ரசிகைதான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, விடுங்கக்கா, ஒரு வாரம் கத்துவாங்க, அப்புறம் வேற தொடர் வந்துடும் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, கத்தி ஓயட்டும் என்று இருந்தேன்.

ஓயவில்லை. வீட்டுப் போனுக்கு ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. கெட்ட வார்த்தை சொன்னவர்களைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. வணக்கம் சொல்லி, நீங்கதான் அம்மாவா என்று கேட்டு, எங்க டாக்டர் எப்படித் துடிச்சாரோ அப்படித் துடிச்சுப் போகணும் உங்க பொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அப்பா போன் வயரைப் பிடுங்கிப் போட்டார். அடுத்த நாள் காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் நம் காம்பவுண்டுச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் கொலைகாரி வீடு என்று எழுதியிருந்தது, கேட்டில் ஒரு மலர்வளையம், அதில் டாக்டருடைய படம். எதிர்வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாருங்க எப்படிப் பண்றாங்கன்னு காட்டத்தான் போட்டேன் என்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ என் செல்லுக்குக் கூப்பிட்டாய். அம்மா, உங்க வீட்டுக்கு இதெல்லாம் என்னாலதான் வந்துச்சு என்றாய். நம் வீடு என்று சொல்லவில்லை, உங்க வீடு என்றாய், அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க, தூங்கணும் என்றாய். சரிடா, நல்லா தூங்கு என்று நான்தான் போனை வைத்தேன். அதற்கப்புறம் நீ போன் எடுக்கவே இல்லை.

அப்பா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அவர் சொல்லாதே என்கிறார், ஆனால் மறைத்தால் நீ மோப்பம் பிடித்துவிடுவாய். சுவரைத் தேய்க்கிறேன் என்று சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினார், ஸ்டூல் ஆடியது, விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆப்பரேஷன் முடிந்து தகடு வைத்திருக்கிறார்கள். நடப்பார், நாளாகும் என்கிறார்கள். இதற்கு யார் பொறுப்பு என்று நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. ஆயுசு முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், அத்தனை மாடியில் தொங்கியவர், கால் ஆடுகிற ஸ்டூல் என்று தெரிந்தே ஏறினார். குற்றவாளி அந்த ஸ்டூல், இரண்டாம் குற்றவாளி அவருடைய பிடிவாதம். அவர் இங்கே கிடக்கிறார் என்பதால்தான் நான் முதல் வண்டியைப் பிடித்து உன் வாசலில் வந்து நிற்கவில்லை. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைக்க முடியுமானால் வைத்திருப்பேன்.

முதல் தாள் உள்ளே போய்விட்டதாம். அவள் தள்ளியது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம், கொஞ்ச நேரத்தில் மீதியை உள்ளேயிருந்து யாரோ இழுத்துக்கொண்டார்கள் என்று இப்போதுதான் போனில் சொல்கிறாள். யாரோ என்ன யாரோ, நீதான். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். படிக்கிறாய், அது போதும், நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

உன்னைத் தேடி நான் தட்டாத கதவில்லை. தொடர் எடுக்கிற உன் கம்பெனி ஆள், அவங்க லீவுல இருக்காங்க, நாங்க தொந்தரவு பண்றதில்லைங்க என்றார். உன் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் பேசினேன், வயசு வந்த பொண்ணு, போன் எடுக்கலன்னா புகாரா என்று கேட்டார்கள். அப்போது டாக்டரம்மா தன் போனில் உன் ரசிகர் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். காட்டாமலே இருந்திருக்கலாம் என்று அவளே பிறகு அழுதாள். சிட்டு, அங்கே உன்னைக் காணோம் என்பது ஒரு புதுக் கதையாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பாகத்துக்கு விளம்பரம் என்று ஒருத்தர். பங்களாவிலேயே ஒளிந்திருக்கிறாள், அவளுடைய பழைய போட்டோவில் பின்னால் தெரிகிற ஜன்னல் திரையைப் பாருங்கள் என்று ஒருத்தர் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். கடைசிப் பகுதியில் துப்பு வைத்திருக்கிறாள், தேடுங்கள் என்று இன்னொருத்தர். என் பெண்ணைக் காணவில்லை, அவர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். உன்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள், ஒரு தேநீர்க் கோப்பையைக்கூடச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தவள் நீதானே. பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்தில் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அப்பா மயக்கத்தில் கிடக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன், என் பிள்ளை எனக்கு எங்காவது ஒரு துப்பு வைத்திருக்கிறாளா என்று. வைத்திருந்தாய். டாக்டர் மாடிப்படியில் ஏறுகிறான், வேலைக்காரி விளக்கோடு நிற்கிறாள், அவன் திரும்பி, கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க, தூங்கணும் என்கிறான். கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த விஷச் சீசாவை எடுக்கிறான். நான் போனைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். அதைக் கேட்டுத்தான் நான் நல்லா தூங்கு என்றேன்.

அப்புறம் எனக்கு வெட்கம் மானம் ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் நானே எழுதினேன். நான் அவள் அம்மா, இது கதை இல்லை, அவளைக் காணவில்லை, அவள் இருக்கிற ஊரில் யாராவது இருந்தால் போய்க் கதவைத் தட்டுங்கள், உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். நல்லா நடிக்கிறீங்க என்றார்கள். அம்மான்னா முதல் பாகத்துல தோட்டக்காரனக் கொன்னது யாருன்னு சொல்லுங்க பாப்போம் என்று ஒருத்தன் பரீட்சை வைத்தான். அதற்கும் பதில் எழுதினேன் சிட்டு, வேறென்ன செய்ய. அந்தப் பதிலுக்குக் கீழேதான் இந்த நர்ஸ் வந்தாள். விலாசம் குடுங்கம்மா, எனக்கு டூட்டி முடிஞ்சிருச்சு, நேரா போறேன் என்று ஒரே வரி. கொடுக்கலாமா கூடாதா, இவளும் பெயிண்ட் டப்பாவோடு வருகிறவளா என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லை, கொடுத்துவிட்டேன்.

அவள் உன் வாசலுக்குப் போய் என்னைக் கூப்பிட்டாள். வெளியே மூன்று பால் பாக்கெட் புளித்துக் கிடக்குதும்மா என்றாள். தட்டினாள், நீ போங்க என்றது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. போனைக் கதவோடு ஒட்டி வை தாயி என்றேன். என் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு இருமினாய். குளிர் நாளில் தொண்டைக்குள்ளேயே அடக்கி அடக்கி இருமுவாயே, சின்ன வயதில் பக்கத்தில் படுத்திருந்த எங்களை எழுப்பிவிடக் கூடாதென்று. ஆயிரம் பேர் இருமினாலும் அது எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன், அவர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

இப்போது உன் வீட்டு ஓனர் பூட்டு உடைக்கிற ஆளோடு கீழே வந்து நிற்கிறார். நர்ஸும் அதுதான் நல்லது என்றாள், அவள் தொழிலில் பார்த்திருப்பாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான், என் தாள்கள் முதலில் போகட்டும், என் பெண் தன் கையாலேயே திறக்கட்டும் என்று மன்றாடி நிறுத்தி வைத்திருக்கிறேன். அதிக நேரம் நிறுத்த முடியாது. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் முடிவு சரியான முடிவு. அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. குழந்தை செத்துக் கிடக்கிற வீட்டுக்குள் வந்த டாக்டர், முதலில் நிலைக்கண்ணாடியைப் பார்த்துத் தன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டான், அந்தப் பகுதி வந்த அன்றைக்கே கொலைகாரன் இவன்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், கொன்றது பங்களா வாட்ச்மேன்தான் என்று கடைசிவரை சாதித்தார், இப்போதும் உள்ளூர அப்படித்தான் நினைக்கிறார். அந்த நர்ஸிடமும் கேட்டேன், உனக்கு முடிவு பிடித்ததா என்று. பிடிக்கலம்மா, எனக்கு டாக்டர்னா உசுரு, ஒரு நாள் பூரா அழுதேன், ஆனா அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம் என்றாள். கோபப்பட்டவள்தான் தூக்கத்தை விட்டுவிட்டு உன் படியில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் பெயிண்ட் டப்பா தூக்கவில்லை, அதை மட்டும் நம்பு. டாக்டர் அந்தச் சீசாவை எடுத்தான் என்றால், எடுக்கச் சொல்லி எழுதியவள் நீ. அவனுக்கு நீ எழுதலாம். உனக்கு அவன் எழுதக் கூடாது. உன் பக்கத்தில் அப்படி ஏதாவது சீசா இருந்தால், மாத்திரை இருந்தால், நீ கையால் தொடக்கூட வேண்டாம், இருக்கிற இடத்தை மட்டும் நர்ஸிடம் காட்டு, அவள் எடுத்துப் போவாள். உன்னை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன், என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்க மாட்டேன். இனி எழுதாவிட்டால் எழுதாதே, எழுதினால் எழுது, அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எழுந்து நிற்கத் தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வா. அவள் ரொட்டியும் பாலும் வாங்கி வைத்திருக்கிறாள், ஒரே மூச்சில் குடிக்காதே, வெறும் வயிற்றுக்கு ஆகாது.

தாழ்ப்பாளைத் திற என்று உத்தரவு போடவில்லை, கெஞ்சுகிறேன். நீ நூறு வயது இருக்க வேண்டும், எங்களைத் தூக்கிப் போட நீ இருக்க வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது. இதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், இருமல் முற்றியிருக்கிறது.

உன்னைப் பெற்றவள்,
அம்மா

இதைப் படம் பிடிக்கப் போன நேரத்தில் போனில் நர்ஸ் பேசாதீங்கம்மா, பேசாதீங்க என்றாள், தாழ்ப்பாள் உரசுகிற சத்தம் எனக்கும் கேட்டது. சங்கிலியைப் போட்டுக்கொண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருக்கிறாயாம். போதும் கண்ணு, அவ்வளவு போதும். இந்த வரிகளை அச்செடுக்காமல் படமாகவே அனுப்புகிறேன், அந்த இடைவெளியில் அவள் போனை உன்னிடம் நீட்டுகிறாள், வாங்கிக்கொள். நீ ஒன்றும் பேச வேண்டாம். மூச்சு விடு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.