சிறை வாசலில் வாங்கிய பன்

செல்விக் கண்ணு,

உன் நைனா செய்த கோமாளித்தனத்தை முதலில் கேள். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

மாதம் ஒருமுறை சித்தூர் சிறை வாசலுக்குப் போவேன். உன்னைக் கொன்றவன் உள்ளேதான் இருக்கிறானா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். போன மாதம் புதுக் காவலர் தெலுங்கில் ஏதோ சொன்னார். 'சிக்ஷ' என்பது மட்டும் காதில் விழுந்தது. தெலுங்கில் அது தண்டனை. மிச்சத்தை லாரி ஹாரன் விழுங்கிவிட்டது. உள்ளே வைத்தும் தண்டிக்கிறார்களே என்று பூரித்துப்போய், வாசல் கடையில் ஒரு பை நிறைய பன் வாங்கி, பஸ்ஸில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

பஸ்ஸில் நம்மூர்த் தெலுங்கு வாத்தியார் முனிரத்தினம் இருந்தான். "இன்னா மாமா விசேஷம்?" என்றான். சொன்னேன்.

"ஐயோ மாமா, அது சிக்ஷ இல்ல, சிக்ஷண! ட்ரெயினிங். உள்ள பேக்கரி வேலை கத்துக் குடுக்கறாங்க. நீ குடுத்த பன்னே கைதிங்க சுட்டதுதான். கவர்ல போட்டுக்கீது பாரு."

ஏழாவது வரை தமிழில் படித்தவன் நான். தெலுங்கு எனக்கு வாய்க்கு வரும், கண்ணுக்கு வராது.

நீ போன அன்று திருப்பதி பஸ் ஸ்டாண்டு கேமரா எடுத்ததை ஸ்டேஷனில் காட்டினார்கள். பதினோரு விநாடி. நீ பையை விடவில்லை, அவன் பைக்கை நிறுத்தவில்லை. உன் தலை நடைபாதைக் கல்லில் மோதும்வரை இழுத்துக்கொண்டு போனான். அவனைப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கேமராதான். உன்னைப் பிடிக்க அதற்குக் கை இல்லையே. போன வாரம் வேறொரு கேமரா என்னையும் பிடித்தது, மொபெட்டில் ஹெல்மெட் இல்லாமல். படத்தில் வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன். இத்தனை கேமரா வந்தபிறகு பயமில்லை என்கிறார்கள். யாருக்கு?

நேற்று கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்தார். நன்னடத்தைக்காக அவனை முன்கூட்டியே விடலாமா என்று விசாரிக்க.

"ஆட்சேபணை எதுனா கீதா பெரியவரே? பையன் மாறிட்டான். நல்லா தொழில் கத்துக்கினான்."

"என் பொண்ணுகூட நர்சிங் கத்துக்கினு இருந்தா சார். அவளுக்கு எப்போ ரிலீஸ்?"

அவர் காகிதத்தை நீட்டினார். 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும்போல் தோன்றியது. அதனால் அடியில் 'விடவே கூடாது' என்றும் எழுதினேன். அதில் பிழையில்லை.

"வெளிய வந்தா அவன இன்னா பண்ணுவ?"

"நானா? பஸ் ஏறவே மூச்சு வாங்குது சார்."

சிரித்துக்கொண்டே போனார். உனக்கு மட்டும் சொல்கிறேன், கண்ணு. என்றாவது வெளியே வருவான், ஒரு பேக்கரி வைப்பான். நான் எதிரில் போய் உட்காருவேன். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். நிமிரும்போதெல்லாம் உன் மூக்கும் உன் கண்ணுமாக என் முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேமரா பதினோரு விநாடிதான் பார்த்தது. நான் சாகும்வரை பார்ப்பேன். இது சத்தியம்.

பன் சமாசாரம் கேட்டதிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"நீயும் துன்னியா?"

"வாயிலயே வெக்கல."

இரண்டு தின்றேன், செல்வி. நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அவன் உள்ளே கிடக்க வேண்டும்.

உன் மூக்கை உனக்குக் கொடுத்த,
உன் நைனா