மூன்றாம் தாள்

அன்புள்ள என் பாட்டுக்காரருக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். உங்கள் தொண்டை நலமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மப்ளரைப் பெட்டியின் அடியில் வைத்தேன். எடுத்துக் கட்டிக்கொண்டீர்களா, அப்படியே கிடக்கிறதா?

குளியலறைக் குழாய் ஒருவழியாக ஒழுகுவதை நிறுத்திவிட்டது. உங்கள் அக்கா இரண்டு நாள் வந்திருந்தார். அலமாரியை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அத்தனையையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போட்டியின் அரையிறுதியில் நீங்கள் பாடிய ஓபராப் பாட்டின் பதிவைக் கேட்டேன். நடுவர் மூவரில் இருவர் மனம்விட்டுப் பாராட்டினார்களாம், மூன்றாமவர் மட்டும் சீட்டில் ‘ஓரிடத்தில் காரணமில்லாத தயக்கம்’ என்று எழுதினாராம். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி, நானும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

தொடக்கம் பிரமாதம். சொந்த மகனுக்கே மரண தண்டனை எழுதிக் கையெழுத்துப் போட்ட தளபதி, அதை எல்லோர் முன்னாலும் படிக்கிறார். உங்களைப்போல் கனத்த குரலுள்ள வேறு பாரிடோன் பாடகர்களாக இருந்தால் எடுத்த எடுப்பிலேயே கத்தித் தீர்த்திருப்பார்கள். நீங்கள் கீழ் ஸ்தாயியில், ஏதோ சாமான் பட்டியல் படிப்பதுபோலப் படித்தீர்கள். அதற்கே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன். மகன் பெயர் வரும்போது குரல் லேசாகத் தடித்ததே, அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. உச்சத்தில் மட்டும் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறீர்கள். சோற்றை மெல்லாமல் விழுங்குகிற அதே பழக்கம். உங்கள் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே நூற்றுக்கு நூறு போட்டார். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நீங்கள் கொட்டாவி விட்டாலும் அவர் கைதட்டுவார்.

தயக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. நான்கு முறை கேட்டும் எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஐந்தாம் முறை கேட்கும்போது சின்னவள் மேசைக்கடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்:

“அப்பா ஏம்மா அங்க நின்னுட்டாரு? அங்கதான் யாரும் தாள் திருப்பலையே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் வீட்டில் பழகும்போது, மகனைக் கொண்டுபோகச் சொல்லும் வரி முடிந்ததும் நான் பியானோவில் மூன்றாம் தாளைத் திருப்ப வேண்டும். கிழிந்த ஓரத்தில் நான் ஒட்டிய டேப் அடுத்த தாளையும் பிடித்துக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும்வரை நீங்கள் மூச்சைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள். இரண்டு வருடம் அப்படியே பாடிப் பழகிவிட்டோம். அங்கே அத்தனை வாத்தியக்காரர்களும் உட்கார்ந்திருக்க, அவர்களை நடத்துபவர் கையைத் தூக்கியபடி காத்திருக்க, நீங்கள் எனக்காக நின்றிருக்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். அந்த நடுவருக்குக் காது மந்தம், எதையும் மாற்றாதீர்கள் என்று. வெள்ளிக்கிழமை இறுதிச்சுற்றில் ஜெயித்தால் மூன்று வருடம் அந்த அரங்கத்திலேயே வேலை. தோற்றால் அடுத்த வாரமே வீடு. எனக்கு எது வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? உறையைக்கூட ஒட்டிவிட்டேன். அப்புறம் ஆறாம் முறை கேட்டேன். அந்தக் குரலை நம் கூடத்துக்குள்ளேயே அடைத்துவைக்க மனசு வரவில்லை. கிழித்துப்போட்டுவிட்டேன்.

போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமை கிடைத்துவிடும். இரண்டு நாள் போதும். அந்த வரி முடிந்ததும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். நடத்துபவரின் கையை மட்டும் பாருங்கள். பக்கத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், நான் அங்கே இல்லை.

நன்றாகப் பாடுங்கள். ஜெயித்துவிடுங்கள். டேப்பை நான் மாற்றப்போவதில்லை. எப்போது வந்தாலும் சரி, நம் வீட்டில் பாடும்போது மட்டும் அந்த இடத்தில் நில்லுங்கள்.

உங்கள்
பியானோக்காரி